ஏழாவது பெயர்

சுற்றுலா பஸ்ஸின் முன்சக்கரத்தோரம் விழுந்த கொஞ்ச நிழலில் நின்றபடி இமெல்டா பயணிகள் பட்டியலை வாசித்தாள். ஆறு பெயரைத் தாண்டி ஏழாவதுக்கு வந்ததும் அவள் கட்டைவிரல் தானாக நகர்ந்து அந்த வரியை மூடிக்கொண்டது. விரலை எடுத்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது. திரும்பவும் மூடிக்கொண்டாள்.

"என்ன, பேப்பர் கையச் சுட்டிருச்சா?" என்றான் லாக்லன், தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டே. பதினொரு வருடமாக இதே பஸ்ஸை ஓட்டுகிறவன். "பதினாலு பேர். அதுல நாலு பேரு கறி தொடமாட்டாங்க. ஒருத்தருக்குப் பால் ஆகாது. அவ்வளவுதான் சேதி."

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளே ஒழிய, கால் ஓரிடத்தில் பாவவில்லை. பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை போய் வந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டாள், வெளியே எடுத்தாள். ஏழாவது வரியில் இருந்தது அவள் அக்காவின் பெயர். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். ஆலிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில், சிறுநீரகத்துக்கு வைத்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக அந்தப் பெயரை ஊரில் யாரும் வாயால் சொல்லவில்லை. போனவரின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் போகிற வழியில் அவர் திரும்பிப் பார்ப்பார். கடையில் கல்லாவில் உட்காருகிற பெண்ணுக்கும் அதே பெயர்தான். மறுநாளிலிருந்து அவள் வெறும் குன்மனாரா ஆகிவிட்டாள். பெயர் சொல்லக்கூடாத யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை இங்கேயும் எழுதுவதற்கில்லை.

அந்தப் பெயரோடு வருகிற விருந்தாளியிடம் விஷயத்தைச் சொல்லி, "உங்களை வேற மாதிரி கூப்பிடறேன்" என்றால் முடிந்தது. யார் மாட்டேன் என்று சொல்லப்போகிறார்கள்? சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்கள். அந்தச் சந்தோஷம்தான் இமெல்டாவுக்கு ஆகவில்லை. இரண்டு மாதம் முன்பு சாப்பாட்டு மேசையில் லாக்லன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், எங்கள் வழிகாட்டி துக்கத்தில் இருக்கிறாள், இவர்கள் வழக்கம் இப்படி என்று. பதினைந்து பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "அந்தப் பேரு என்னன்னு எழுதியாவது காட்டுவீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் மணல்மேட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள். அத்தி மரத்தைக் காட்டலாம். முள்புல்லிலிருந்து பிசின் எடுக்கிற விதத்தைக் காட்டலாம். அக்காவைக் காட்ட முடியாது.

போதாக்குறைக்கு அம்மா இன்றைக்கு வருகிறாள். எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக, சின்னம்மா டோரீனோடு, மணல்மேட்டில் நெருப்புப் போட்டு ரொட்டி சுட. இப்போது இந்தப் பட்டியல் வேறு.

விருந்தாளிகள் வந்தார்கள். கம்பெனி விதிப்படி மூன்று இடத்தில் பெயர் கூப்பிட வேண்டும்: ஏறும்போது, நீர்க்குட்டையில், சாப்பாட்டில். இமெல்டா கூப்பிட்டாள். ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குத் தாவினாள். எல்லோரும் ஏறின பிறகு நீலத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் படிக்கட்டிலேயே நின்றாள்.

"என்னைக் கூப்பிடலையேம்மா?"

"உங்களத்தான் கண்ணால பாத்துட்டேனே. ஏறுங்க."

"அப்போ சரி. எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் அப்படித்தான். பேரே சொல்லமாட்டாரு, ஒரு பார்வைதான்." நீலத் தொப்பி சிரித்துக்கொண்டே ஏறினாள். இமெல்டாவுக்குச் சிரிக்க வரவில்லை.

நடை வழக்கம்போலத்தான் போனது. காய்ந்த ஓடை, அத்தி, பாறைக்கடியில் வாலபி என்கிற குட்டைக் கங்காரு போட்டுவிட்டுப் போன புழுக்கை. மணலில் ஒரு பல்லியின் தடத்தைக் காட்டி, அது எங்கே நின்றது, எங்கே பயந்தது என்று சொன்னாள். எல்லாம் வாய்தான் சொன்னது. மலைப் பிளவுக்குள் குளிர்ச்சியாக இருந்தும் அவளுக்கு வேர்த்தது. எதிரொலிப் பாறைக்கு வந்ததும் எல்லோரும் குழந்தைகளாகிவிட்டார்கள். காட்டில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூ... ஈ... என்று ஆளுக்கொரு தரம் கத்த, பாறை மூன்று தரம் திருப்பிக் கத்தியது. இங்கே வருகிற எந்த பஸ்காரர்களும் இதைச் செய்யாமல் போனதில்லை. நாளெல்லாம் இந்தப் பிளவுக்குள் கூ ஈ கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் யாரையும் கூப்பிடுவதாக அர்த்தமில்லை.

நீர்க்குட்டையில் பெயர் கூப்பிட வேண்டிய நேரம். பட்டியலை எடுத்தவள் உள்ளே வைத்துவிட்டாள். தலைகளை எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. "சூரியன் எறங்கிரும், நடங்க நடங்க" என்று அவர்களைக் கிளப்பினாள். பதினாலாவது தலை, வெயிலுக்கு யாரோ விட்டுப்போன தொப்பியை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர்க் கேனோடு நின்ற லாக்லனுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணல்மேடு பிளவின் வாய்க்கு நேர் எதிரில். பஸ்ஸில் ஐந்து நிமிடம், நடந்தால் பத்து. வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கண்ணாடிக் குவளைகள், மலை சிவக்கிறதைப் பார்க்க எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் திரும்பி. கொஞ்சம் தள்ளி நெருப்பு. அம்மா உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் வெட்டின தலைமுடி இப்போதுதான் விரற்கடை வளர்ந்திருந்தது. சாம்பலைத் தட்டித் தட்டி ரொட்டியைப் புரட்டினாள்.

"ஏண்டி, ஓணான் மாதிரி தலையத் தலையத் திருப்புற?" என்றாள் டோரீன் சின்னம்மா. "உக்காரு. கங்காரு வால் வெந்துருச்சு. ஒங்கம்மா ரொட்டியத்தான் ஒரு பக்கம் கருக்கிட்டா."

"கருகலே," என்றாள் அம்மா. "அது அப்படித்தான் இருக்கும்."

அம்மா பேசியதே இமெல்டாவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பக்கத்தில் குந்தப் போனாள். அப்போதுதான் பார்த்தாள்: மேசையில் ஒரு நாற்காலி காலி. அதன் முன்னால் ஊற்றி வைத்த குவளை அப்படியே.

அவள் எழுந்த வேகத்தில் மணல் நெருப்பில் விழுந்தது.

லாக்லன் மேசையை இரண்டு தரம் எண்ணினான். முகம் மாறிவிட்டது. "நீ குட்டையில பேரு கூப்பிட்டியா இல்லியா?"

"எண்ணினேன்."

"நான் கேட்டது அதில்ல." பட்டியலை வாங்கிப் பார்த்தான். ஏழாவது வரியில் மட்டும் பேனா படவில்லை. அவனுக்குப் புரிந்தது, புரியாமல் போக அவன் புதியவன் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இமெல்டா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் கூப்பிட்டிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல. எங்கம்மா வர்ற அன்னைக்கு நீ அதக் கத்துவியே."

"இப்ப மட்டும் கத்தாம? எழுவது வயசு மனுஷி. இருட்டிட்டா குளிரு எலும்புல எறங்கும். ரேடியோவுல சொல்லணும், பஸ் ஸ்பீக்கர்ல பேர் சொல்லிக் கூப்பிடணும். அது விதி."

இமெல்டா திரும்பி நெருப்பைப் பார்த்தாள். இந்த நேரத்தில் காற்று நின்றுவிடும். பிளவுக்குள் ஒருவர் இருமினால் மேட்டில் கேட்கும். ஸ்பீக்கரில் அந்தப் பெயர் மலையில் மோதி மூன்று மூன்றாகத் திரும்பி வந்து அம்மாவின் மேல் விழுவதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

"சூரியன் அந்த முகட்டத் தொடுற வரைக்கும் குடு. தடம் பாத்துக் கூட்டிட்டு வந்துருவேன்."

"தொட்டா கூப்பிடுவேன்."

"தொட்டா கூப்பிடு."

ஓடினாள். நாற்பத்தாறு வயதில் மணலில் ஓடுவது ஓட்டமில்லை, தத்தளிப்பு. எதிரொலிப் பாறையைத் தாண்டின இடத்தில் தடம் அகப்பட்டது. அடியில் பூப்போட்ட புதுச் செருப்பு. வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்கிறது. மற்ற பதின்மூன்று பேரும் வலப்பக்கம் போயிருக்க, அது ஒரு கல்லோரம் போய் நின்றிருந்தது. உட்கார்ந்த அடையாளம். செருப்பைக் கழற்றி மணல் தட்டின அடையாளம். பிறகு இடப்பக்கம், மாடுகள் போட்ட பழைய தடத்தில் ஏறிவிட்டது. பார்த்தால் அதுதான் பாதை மாதிரி இருக்கும்.

பின்னால் வேறொரு பஸ் கூட்டம் உள்ளே வந்துவிட்டிருந்தது. கூ... ஈ... என்று யாரோ கத்தினார்கள், சிரிப்பு. இமெல்டாவும் கத்திப் பார்த்தாள். "அம்மா! நீலத் தொப்பி அம்மா!" பாறை அதையும் மற்றவர்கள் சத்தத்தோடு கலந்து திருப்பிக் கொடுத்தது. இந்தச் சந்தையில் எந்தக் குரலுக்கு யார் பதில் சொல்வார்கள்?

தடம் பாறைப் பலகையில் ஏறி மறைந்தது. அவளும் ஏறினாள். முழங்காலில் தோல் உரிந்தது. மேலே வந்து நின்றதும் வெளி முழுக்கத் தெரிந்தது. சூரியன் முகட்டுக்கு இரண்டு விரல் மேலே. கீழே, அந்தப் பக்கச் சரிவில், முள்புல் மேடுகளுக்கு நடுவே நீலப் பொட்டாகத் தொப்பி போய்க்கொண்டிருந்தது. மணல்மேட்டை விட்டு விலகி, வேலியோ வீடோ இல்லாத பக்கமாக, வழி தெரிந்தவளைப் போல நிதானமாக. இங்கிருந்து இறங்கி ஓடினால் பிடிப்பதற்குள் இருட்டிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் சரிவு உடைகிற இடம். பகலிலேயே ஆடு விழும்.

"ஏய்! நில்லுங்க!"

தொப்பி நிற்கவில்லை. பின்னால் கூ ஈ.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். எட்டு மாதமாக நாக்குக்குக் கீழே அடக்கி வைத்த பெயர். ராத்திரிகளில் உதட்டை மட்டும் அசைத்து, சத்தம் வராமல், மறந்துவிடவில்லை என்று பார்த்துக்கொண்ட பெயர். சின்ன வயதில் இதே பாறைமேல் நின்று, தன்னை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறவளைப் பார்த்து அழுதுகொண்டே கத்தின பெயர். அக்கா ஒரு தரமும் நின்றதில்லை. ஓடிக்கொண்டேதான் பதில் சொல்வாள்.

இமெல்டா கூப்பிட்டாள்.

முதல் தரம் அது உடைந்துபோய் வந்தது. இரண்டாம் தரம் முழுசாக வந்தது. பிளவு அதை வாங்கி, ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குக் கொடுத்து, மூன்று தரம் சொல்லி, மணல்மேட்டுப் பக்கமாக அனுப்பியது. கூ ஈ கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

நீலத் தொப்பி நின்றது. திரும்பியது. கை உயர்ந்தது.

"இங்கதான் இருக்கேன்! இதோ வந்துட்டேன்!"

இமெல்டா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெயருக்கு ஒரு குரல் பதில் சொல்லிவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டாளோ என்று பயம் கிளம்பியது. அதோடு இன்னொன்றும் கிளம்பியது. அதற்கு அவளிடம் பெயரில்லை. இன்னொரு தரம் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. கூப்பிடவில்லை.

இறங்கிப் போய்க் கையைப் பிடித்து ஏற்றிக் கூட்டிவந்தபோது நீலத் தொப்பிக்கு மூச்சு வாங்கியது. "தப்பு எம்மேலதான்மா. செருப்புல கல்லு. நீங்கதான் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களே, என் பேர் வர்றப்ப எழுந்துக்கலாம்னு உக்காந்திருந்தேன். வரவே இல்ல. சரி, முன்னால போயிருப்பாங்கன்னு நடந்தேன்."

இமெல்டா முன்னால் பார்த்தபடி நடந்தாள். பிடித்த கையை விடவில்லை.

"கோவமா?"

"இல்லீங்க."

"கூப்பிட்டீங்களே, அதுல அழுகை மாதிரி இருந்துச்சு."

"பாறை அப்படித்தான் பண்ணும்," என்றாள் இமெல்டா.

எதிரொலிப் பாறையைத் தாண்டி வெளியே வந்தபோது சூரியன் முகட்டுக்குப் பின்னால் போயிருந்தது. ஸ்பீக்கர் சத்தம் எதுவும் வரவில்லை. மலை அடிவரைக்கும் சிவந்து, விருந்தாளிகள் பார்க்க வந்தது அத்தனையும் அவர்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நாற்காலிகளில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லாக்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். டோரீன் சின்னம்மா வாயைக் கழுத்துத் துண்டால் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

நெருப்போரத்தில் அம்மாவைக் காணோம். மேட்டின் விளிம்புக்கு வந்து நின்றிருந்தாள். கையில் பிட்ட ரொட்டி, அதிலிருந்து ஆவி. வெயிலே இல்லாத நேரத்தில் மற்றக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, ஓடை மணலில் கைகோத்து வருகிற இரண்டு பெண்களைப் பார்த்தாள். முன்னிருட்டில் முகம் தெரிகிற தூரமில்லை. இரண்டு உருவம், அவ்வளவுதான். அக்காளும் தங்கையும் என்றுகூட நினைக்கலாம்.

இமெல்டாவின் நடை தானாகத் தளர்ந்தது. இன்னும் இருபது அடி போனால் முகம் தெரிந்துவிடும்.

நீலத் தொப்பி, தன்னைத் தேடித்தான் ஒருத்தி நிற்கிறாள் என்று நினைத்து, மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அம்மா ரொட்டி இருந்த கையைப் பாதி தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றது.