கண் அடைபட்ட ஹியொத்தொகோ

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. செந்தாய் நகரத்திலிருந்து அம்மா கேட்டிருக்கிறாள்: "நாகி, என்கூடவே வந்து இருந்துடுறியா?" காலையில் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

'என் அப்பா ஒரு சிற்பி, அவருடைய விரல்கள்—'

வேண்டாம். அப்பா வீட்டில் பேசமாட்டார். இதுதான் முதல் வரி.

2

திருவிழாவில் மட்டும் பேசுவார். கோணல் வாய் ஹியொத்தொகோ முகமூடியை மாட்டியதும் வேறு ஆள். "யோவ் மீன்கடை, உம்மவிட உம்ம கெளுத்தி சுறுசுறுப்பா இருக்கே!" தெருவே சிரிக்கும். போன வருடம் என் முன்னாலும் குனிந்தார்.

"யார் வீட்டுப் புள்ள நீ? மூஞ்சி ஏன் வாடியிருக்கு?"

"அம்மா போய்ட்டாங்க."

"அட, எங்க வீட்லயும்தான்," என்றது முகமூடி.

(அம்மாவைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.)

செந்தாய் விஷயத்தையும் முகமூடியிடமே கேட்க நினைத்திருந்தேன்.

3

ஒரு விடுதி, சுவரில் மாட்ட வெள்ளை வெளேரென்று ஹியொத்தொகோ சிற்பங்கள் கேட்டது. "கண்ல ஓட்டை வேணாம் தெட்சுஜி சான், பின்னால சுவர் தெரியும்," என்றார் விடுதிக்காரம்மா அப்பாவிடம். அச்சு எடுக்க அப்பா தன் முகமூடியின் கண்களை அடைத்தார். களிமண்ணால் அடைத்திருக்க வேண்டும். அவசரத்தில் மரப்பசையை எடுத்துவிட்டார். கல்லாக இறுகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் முகமூடியை இன்னொருவர் போட்டு ஆடுவதில்லை. "என்ன தெட்சு, இந்த வருஷம் கண்ணாமூச்சியா?" என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். அப்பா ஆடவில்லை. அதாவது, பேசவில்லை.

4

என் கையில் துளைக்கருவி. முகமூடியின் மரம் பழையது. இந்தக் கதைக்கு நான் வைத்திருக்கும் முடிவுகள்:

கண் திறக்கிறது. அப்பா மாட்டிக்கொண்டு, "போயிட்டு வா. ரயில்ல ஜன்னலோரம் உக்காரு," என்கிறார்.

கண் திறக்கிறது. "போகாதே," என்கிறார். (இரண்டில் எது வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை.)

மரம் பிளந்துவிடுகிறது. அப்புறம் அப்பா எந்த வாயால்—

5

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துளைத்தேன். ஒரு கண் திறந்தது; விரிசல் இல்லை. சரியாக இருக்கிறதா என்று முகத்தில் வைத்துப் பார்த்தேன்.

துளைக்கு நேரே, வாசலில் அப்பா. துளைக்கும் சத்தத்தில் எழுந்து வந்திருப்பார்.

கழற்றத்தான் நினைத்தேன். கை வரவில்லை. உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது, என் குரல்தான்: "யார் வீட்டு ஆளுய்யா நீ? மூஞ்சி ஏன் வாடியிருக்கு? உம்ம பொண்ணு செந்தாய்க்குப் போகட்டுமா, வேணாமா?"

அப்பா வெறும் முகத்தோடு வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வரி உங்களுடையது. அவரை அவசரப்படுத்தாதீர்கள், அவருக்குப் பழக்கமில்லை.