ஆளில்லாத பூட்ஸ்கள்

ரங்கூன் லான்மடாவில் மார்த்தாவின் மாடி வீட்டு வாசலில் தினமும் சாயங்காலம் வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பூட்ஸ்கள் வந்து வரிசையாக நிற்கும். ஆட்கள் வருவதில்லை. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சிப்பாய்களுக்காகப் பட்டாளமே பெண்களை வைத்திருந்த விடுதி என்பதால், கரண்ட் போவதைப் போல அதையும் தெரு ஏற்றுக்கொண்டது. மார்த்தா அவற்றைச் சுமந்துபோய் க்யிம்யிண்டைங் துறையில் ஆற்றோடு விட்டுப் பார்த்தாள். மறுநாள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றன. ரங்கூனில் செருப்பைக் கழற்றாமல் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. வாசலைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவார்கள். பாழாய்ப்போன அந்த வழக்கம்தான் குடியைக் கெடுத்தது. மார்த்தாவின் மகள் ஜாஸ்லினைத் தன் மகன் சைமனுக்குப் பெண் பார்க்க வந்த சிங்கராயர், பூட்ஸ்களைப் பார்த்ததும் பழத்தட்டோடு அப்படியே படியிறங்கிவிட்டார். ராணுவ அரசு பெண்களையும் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கப்போவதாகவும், கல்யாணமானவளை விட்டுவிடுவதாகவும் ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது.

பூட்ஸ்களைத் தொடர்ந்து தங்கமணி வந்தாள். அந்த விடுதிக்காக மதராஸிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவள். நூறு வருஷத்துக்கும் மேலாக இருபது வயதிலேயே இருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, பட்டாளத்து வெள்ளைக்கார டாக்டர் துரை வந்துவிட்டாரா என்று கேட்டாள். மார்த்தா டீ கொடுத்தாள்.

"வாராவாரம் எங்களத்தான் சோதிப்பாங்க. சீக்குன்னா பூட்டி வெச்சிருவாங்க. சீக்கக் குடுத்தவன யாரும் பாக்கல, தாயி."

சோதித்தால் சிப்பாய்களின் மனம் நோகுமாம். விலைக்கு விதி இருந்தது, நேரத்துக்கு இருந்தது, நோய்க்கும் இருந்தது. வேண்டாம் என்று சொன்னவளுக்குத்தான் எந்த விதியும் இல்லை. கதவை உடைத்து வந்த ஒருவன்மேல் அவள் பிராது கொடுத்தபோது, இந்த வீட்டில் அது குற்றமாகாது என்று ஆபீசர் சொல்லியனுப்பினார். மார்த்தா இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

மழைக்காலம் முடிகையில் சிங்கராயரிடமிருந்து போன் வந்தது. கட்டினால் ஜாஸ்லினைத்தான் கட்டுவேன் என்று சைமன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம். ஆனால் தாங்கள் சொல்லும் டாக்டரிடம் பெண்ணைக் காட்டி, சுத்தமானவள்தான் என்று அவர் சொல்ல வேண்டுமாம்.

"சரிம்மா, சைமனும் வரட்டும்," என்றாள் ஜாஸ்லின். "ரெண்டு பேரையும் பாக்கட்டும்."

மார்த்தா கூச்சத்தோடு அதைப் போனில் சொன்னாள்.

சிங்கராயர் சிரித்தார். "ஆம்பளப் புள்ளைய எதுக்கும்மா பாக்கணும்?"

பக்கத்தில் சைமன் இருமுவது கேட்டது.

அன்று முழுவதும் மார்த்தா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. போக மாட்டேன் என்று ஜாஸ்லின் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஏங்கினாள். சொல்லிவிடுவாளோ என்று நடுங்கவும் செய்தாள். பட்டாளத்து லாரி ஒன்று தெருவைக் கடந்து போனது. ஜாஸ்லின் எழுந்து தலைவாரிக் கொண்டாள்.

கிளினிக் பெஞ்சில் தங்கமணி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவளுக்கும் டோக்கன் கொடுத்திருந்தாள். ஜாஸ்லினைக் கண்டதும் தங்கமணி புடவையை ஒதுக்கிக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.