சவப்பெட்டிக் கடை போட்ட லைக்

யார் வீட்டுப் பெண்ணுக்கும் வராத கஷ்டம் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவளுடைய அப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பெயர் 'நிம்மதி'. அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான், அதில் அவருக்குப் பெருமை வேறு.

புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று பக்கத்து பெஞ்சுக்காரி, அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டாள். மரச்சாமான் கடை என்று இவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பழைய பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொல்லப் போய், கடைசி நாள்வரை 'பெட்டி' என்ற பட்டப்பெயரோடு திரிந்தவள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? படிப்பு முடியும்வரை இந்தப் பொய் வெளியே வராமல் இருந்தால் போதும் என்பதே அவளுடைய ஒரே வேண்டுதல்.

பெண்பிள்ளைக்குத் தனிக் கணக்கெல்லாம் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கடைக்கு மட்டும் இன்ஸ்டாகிராமில் பக்கம் வேண்டுமாம். அவர் விரலால் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். அதனால் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிற வேலை இவள் தலையில் விடிந்தது. பள்ளி விட்டு வந்ததும் பெட்டிக்குள் சாட்டின் துணியைக் கோந்து போட்டு ஒட்டுவாள், பித்தளைக் கைப்பிடியைத் துடைத்துப் படம் பிடித்துப் போடுவாள். போட்ட கையோடு கோல்கீப்பரின் பக்கத்துக்குப் போய்விடுவாள்.

கோல்கீப்பர் என்பவன் அவள் வகுப்புப் பையன். எங்கிருந்து பந்து வந்தாலும் பாய்ந்து பிடிப்பான், ஒரு பெண்ணிடம் "மணி என்ன?" என்று கேட்கச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. இவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. படங்களைப் பார்ப்பதோடு சரி, எதையும் தொடக்கூடாது என்று விரலுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தாள். விரல் கேட்டால்தானே!

போன வருடம் அவன் கை உடைந்தபோது எடுத்த படம் ஒன்று. மருத்துவமனைக் கட்டிலில் கழுத்துவரை போர்த்தி, கண்ணை மூடிப் படுத்திருக்கிறான். அந்தப் படத்துக்கு 'நிம்மதி சவப்பெட்டிக் கடை' சிவப்பாக ஓர் இதயம் போட்டது.

பதறியடித்து எடுத்துவிட்டாள். அதற்குள் அவனிடமிருந்து, "யாருங்க நீங்க?" என்று செய்தி வந்துவிட்டது. யார் எழுதினாலும் தானாகப் போகிற பதில் ஒன்றை அவளே கெட்டிக்காரத்தனமாக அமைத்து வைத்திருந்தாள். அது போய்ச் சேர்ந்தது. "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். உயரமும் உடல்வாகும் தெரிவித்தால் பெட்டி உடனே தயார்."

அவன் பயப்படவில்லை. "அஞ்சே முக்கால் அடி, ஒல்லி. ஆனா இப்ப அவசரம் இல்லீங்க" என்று எழுதினான். அவள் சிரித்த சிரிப்பில் கோந்து டப்பா கவிழ்ந்தது. பிறகு அப்பாவின் தோரணையை வரவழைத்துக்கொண்டு, கை தவறிப் பட்டுவிட்டது தம்பி, நூறு வயது இருங்கள் என்று பதில் போட்டாள்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. மறுநாளும் அவன் எழுதினான், அதற்கடுத்த நாளும் எழுதினான். 'ஐயா' போட்டு மரியாதையாகத்தான். சாவையே தினம் பார்க்கிற மனிதர் தன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார் என்று நினைத்தானோ என்னவோ, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினான். வகுப்பில் ஒரு பெண்ணாம். விரலில் எப்போதும் கோந்து காய்ந்திருக்குமாம். மரச்சாமான் கடைக்காரர் மகளாம். அவளிடம் பேச வாய் வரவில்லையாம், ஐயாதான் ஒரு வழி சொல்ல வேண்டுமாம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் ஐயா அள்ளி விட்டார். "சொல்லிடு தம்பி. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டவங்களைத்தான் எங்க தொழில்ல நிறையப் பாக்கறோம்."

மறுநாள் பள்ளியில் அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. சாயங்காலம் கடையின் பின்னறையில் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அவன் குரல் கேட்டது. எழுதி என்ன ஆகும், ஐயாவை நேரில் பார்த்தால் தைரியம் வரும் என்று கிளம்பி வந்துவிட்டான் மகராசன். கடை முகவரியைப் பக்கத்தில் போட்டவளும் அவளே. யாரை நொந்துகொள்வது? திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள்.

அப்பா அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் யாரும் தவறிவிட்டார்களோ என்று நினைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவனோ போனை நீட்டி, தான் எழுதியதையும் ஐயா எழுதியதையும் மளமளவென்று படித்துக் காட்டினான். கோந்து விரல் என்ற இடத்தில் அப்பா நிமிர்ந்தார். மரச்சாமான் கடை என்ற இடத்தில் அவர் முகம் வாடிப்போனது. திரை இடுக்கு வழியாக அவள் அதைப் பார்த்தாள்.

இப்போது கூப்பிடுவார், தோலை உரிப்பார் என்று நடுங்கினாள். அப்பா கூப்பிடவில்லை. "அந்தக் கடை எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "நல்ல கடைதான். கட்டில், பீரோ எல்லாம் செய்வாங்க. அந்தப் பொண்ணோட அப்பாவும் மோசமான ஆள் இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அவளுடைய பொய்யை அப்பா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே திரையை விலக்கி வெளியே வந்தாள்.

"கட்டிலும் இல்ல, பீரோவும் இல்ல. இதுதான் எங்க கடை. இவர்தான் எங்க அப்பா."

கோல்கீப்பர் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "அப்போ ஐயா யாரு?" என்றான்.

"நான்தான்."

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. உன்னிடம் சொல்லத்தான் வழி கேட்டேன், உன்னிடமே கேட்டிருக்கிறேன் என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். எப்படியோ விஷயம் வெளியே வந்துவிட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கி, முதலிலிருந்து ஒருவரி விடாமல் படித்தார். இரண்டு பேரும் தலைமையாசிரியர் முன்னால் நிற்பதுபோல் நின்றார்கள்.

கடைசியில் அவர் மகளைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான். "விலை கேட்டு எழுதினவங்கல்லாம் விலையே வரலைன்னு கடைக்கு வந்து சண்டை போடறாங்க. இவனுக்கு மட்டும் கேட்ட நிமிஷம் பதில் போயிருக்கு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவைக் கடை வாசலுக்கு இழுத்துப்போனாள். பக்கத்தில் ஒட்டி நின்று, கோல்கீப்பர் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். சிரிக்காதே, கடை பேர் கெட்டுவிடும் என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

படத்தைக் கடைப் பக்கத்தில் போட்டாள். வகுப்பு மொத்தமும் பார்க்கட்டும் என்று பள்ளிக்கூடத்துப் பெயரையும் சேர்த்துவிட்டாள். கீழே என்ன எழுதினாய் என்று அப்பா எட்டிப் பார்த்தார்.

"'எங்க அப்பா கடை'ன்னு எழுதியிருக்கேன்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, கீழே போன் நம்பரையும் போடு என்றார்.