அசையாமல் கேட்பவர்கள்

ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் நான் பாடுவது எப்போதும் ஒரே பாட்டுதான். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே போனதும் அசையக் கூடாது, பேசக் கூடாது. பயமாக இருந்தால் கையில் கொடுத்திருக்கிற ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். இவ்வளவுதான். இதைக்கூடக் காதில் வாங்காமல் "உள்ள போய் போன் பேசலாமா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வாய் நீளம் என்று மருத்துவமனை முழுக்கத் தெரியும். நோயாளிகள் என்னிடம் அதிகம் மாட்டக் கூடாது என்றுதான் கீழ்த்தளத்தில், எம்.ஆர்.ஐ. அறையில் போட்டிருக்கிறார்கள் என்று நர்ஸ்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த இயந்திரம் போடுகிற சத்தம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். டக்டக்கென்று தட்டும், கொர்ரென்று இழுக்கும், நிற்கும், வேறொரு வேகத்தில் மறுபடி ஆரம்பிக்கும். படுத்திருக்கிற ஆளுக்கு மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம். அதனால் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போடுவோம். அதிலும் உலோகம் கூடாது என்பதால் எங்கள் பழைய இயந்திரத்தில் பாட்டு ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றில்தான் காதுக்கு வரும். யார் பாடினாலும் பக்கத்து வீட்டுக் குளியலறையில் பாடுவது போல இருக்கும். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இயந்திரம் ஒரு தாளத்தில் போகும், பாட்டு ஒரு தாளத்தில் போகும், நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் பந்தை அமுக்கிவிடுவார்.

ஜாஸ் மட்டும்தான் அந்தச் சத்தத்தோடு சண்டைக்குப் போகாது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அக்கா.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை, எனக்கு அமைந்தது நிலைக்கவில்லை. ஜாஸ் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து பிடித்ததோ தெரியாது, பிடித்தது விடவில்லை. அந்த வாத்தியக்காரர்களைத் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவாள். யாரையும் பெயர் சொல்ல மாட்டாள், எல்லாருக்கும் பட்டப்பெயர். பியானோ வாசித்துக்கொண்டே முனகுகிறவர் 'முனகல் மாமா'. சாக்ஸபோனை எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமுகிறவர் 'ஜலதோஷம்'. டிரம்ஸ்காரன் ஒருவன், எல்லாரும் ஆரம்பித்து வெகுநேரம் கழித்து அவசரமே இல்லாமல் வந்து சேருவான். அவன் 'சோம்பேறி'. அவள் செல்லம் அவன்தான்.

காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று கத்தியை நிறுத்திக்கொண்டு, "இப்ப பாரு, சோம்பேறி வருவான்," என்பாள். வருவான். "வந்துட்டானா? இனிமே ஒண்ணும் ஆகாது," என்று மறுபடி நறுக்குவாள்.

"இது ஒரு பாட்டாக்கா? பாத்திரக் கடைக்குள்ள பூனை பூந்த மாதிரி இருக்கு."

"தப்பா வாசிச்சிட்டா இவங்க நிறுத்த மாட்டாங்கடி. அதையே வேணும்னு இன்னொரு தடவ வாசிப்பாங்க. அப்புறம் அது தப்பே இல்ல. இது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன் புருஷன்கூட ஒழுங்கா குடித்தனம் பண்ணியிருப்ப."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்கு வழக்கம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் யாராவது கண்ணாடி சரியில்லை என்று அவளைக் கிழிகிழியென்று கிழித்த நாளில்கூட, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி முனகல் மாமாவைப் போட்டுவிட்டால் போதும், பாட்டு முடிவதற்குள் அந்த ஆள் கத்தியதை எனக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பாள். பஸ் தவறிப்போனால் நிறுத்தத்தில் நின்றபடி காலால் தாளம் போடுவாள். நான் அதே பஸ்ஸுக்காக ஒரு வாரம் கொதிப்பேன். அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் கோபம் ரொம்ப நேரம் தங்கியதில்லை.

அவளுக்குத் தலைவலி வந்தது. நாள் முழுக்க உற்றுப் பார்க்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்தோம். கடைசியில் என் இயந்திரத்துக்கே வந்தாள். வேறு ஆளை விட்டு எடுக்கச் சொன்னார்கள், நானே எடுக்கிறேன் என்று அடம்பிடித்தேன். தன்னுடைய சின்ன பிளேயரை என் கையில் கொடுத்து, "சோம்பேறியப் போடு," என்றாள். உள்ளே அவள் கால் விரல்கூட அசையவில்லை. திரையில் ஒவ்வொரு படமாக வந்தது. மூளையில் இருந்த அந்த வெள்ளைத் திட்டை அவளுக்கும் முன்பே, டாக்டருக்கும் முன்பே நான் பார்த்தேன். அவள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "உன் மிஷினு நல்லா தாளம் போடுதுடி," என்றாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பிளேயரை வேலைக்குக் கொண்டுவந்தேன். கண்ட்ரோல் அறை மேஜையில் மைக்கின் மேல் சாய்த்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஜாஸைப் போட ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பந்தை அமுக்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். படங்கள் ஆடாமல் வந்தன.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். முதுகுவலி. மலை மாதிரி ஆள், போன முறை பாதியிலேயே கூச்சல் போட்டு வெளியே வந்தவர். இந்த முறை மூச்சுக் காட்டவில்லை. எல்லாம் முடிந்து சட்டைப் பட்டனைப் போட்டபடி கேட்டார்.

"பாட்டுக்கு நடுவுல பேசறாங்களே, அந்தம்மா யாரு?"

"பேச்செல்லாம் கிடையாது. வெறும் வாத்தியம்."

"இல்லம்மா, மெதுவா பேசினாங்க. 'இப்ப பாரு, சோம்பேறி வருவான்'னாங்க. சொன்ன மாதிரியே டிரம்மு வந்துச்சு. 'இனிமே ஒண்ணும் ஆகாது'ன்னாங்க. அதோட எனக்கு பயம் விட்டுப்போச்சு."

அந்தப் பட்டப்பெயர் எங்கள் இருவரையும் தாண்டியதில்லை. அவர் போனபிறகு இயந்திரத்தின் காலியான குழாயைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அறையில் எப்போதும் குளிர்தான், இயந்திரத்துக்காக. அன்று அந்தக் குளிர் எலும்புக்குள் இறங்கியது.

அடுத்த வாரம் வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண். "உள்ள ஒரு குரல் ஜலதோஷம், ஜலதோஷம்னுச்சு. எனக்கு ஜலதோஷம் இல்லீங்களே, முட்டிவலிதானே?" என்று கேட்டாள். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டில் அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டேன். முனகல் மாமா முனகினார், ஜலதோஷம் செருமினார், அக்கா மட்டும் வரவில்லை. துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. கூடப் பிறந்தவள் நான். கடைசி வரை அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வழியில் போகிற லாரிக்காரரிடமா பேசுவாள்? ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டால் போதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. அவள் பேசுவது அந்தக் குழாய்க்குள்தான் என்றால், நான்தான் உள்ளே போக வேண்டும்.

என்னோடு ஷிப்ட் பார்க்கிற டெக்னீஷியனை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தீப்பிடித்தால்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு ஓடுகிற ஆள். மதிய இடைவேளையில் அவரிடம் சொன்னேன்.

"டாக்டர் சீட்டு இல்லாம எப்படி மேடம்?"

"என் தலையை நான் காட்டறேன். யாரு கேக்கப் போறா?"

என் வாய்க்குப் பயந்து ஒப்புக்கொண்டார். பிளேயரை எடுத்து எந்தப் பாட்டு என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேரை உள்ளே தள்ளியிருக்கிறேன், நான் படுத்தது அதுதான் முதல் தடவை. பலகை நகர்ந்தது. முகத்துக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டிக். என் மூச்சு அதில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அக்கா இதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். தட்டல் ஆரம்பித்தது. எங்கோ தூரத்தில் பியானோ. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது சொல்வாள். இப்போது. டிரம்ஸ் வந்தது. சோம்பேறி வந்துவிட்டான், யாரும் சொல்லாமலே வந்தான். பாட்டு முடிகிறவரை இயந்திரமும் வாத்தியக்காரர்களும்தான். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை அசைக்கவில்லை.

வெளியே இழுத்ததும் நிதானம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"நீங்க உள்ள படுத்துட்டா வெளிய யாரு மேடம் பேசறது?"

எனக்குப் புரியவில்லை. அவர் பிளேயரை எடுத்து, நான் தினமும் வைக்கிற இடத்தில், மைக்கின் மேல் சாய்த்து வைத்தார். உள்ளே படுத்திருப்பவரோடு பேசுவதற்காக மைக்கின் அடியில் இருக்கிற பேச்சு சுவிட்சை அது அழுத்திக்கொண்டு நின்றது. அதன் சின்ன விளக்கு பிளேயருக்குப் பின்னால் எரிந்தது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த விளக்கு தெரியாது.

"பாட்டு ஓடும்போதெல்லாம் நீங்க பேசிக்கிட்டேதான் இருக்கீங்க. கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன். போன்ல பேசறீங்கன்னு நினைச்சேன்."

"நானா?"

"உங்க குரல் மாதிரியே இருக்காது மேடம். உங்களுக்கு அவ்வளவு மெதுவா பேச வரும்னே எனக்குத் தெரியாது."

அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பைத்தியக்காரி மாதிரி தனியாகப் பேசியிருக்கிறேன், அதை ஊரே குழாய் வைத்துக் கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது வெட்கம் இல்லை. அக்கா பேசுகிறாள் என்று நம்பிய அந்தச் சில வாரங்கள் அவள் எங்கேயோ இருந்தாள். இப்போது எங்கேயும் இல்லை.

மறுநாளிலிருந்து பிளேயரை மேஜையின் மறுகோடியில் வைத்தேன். வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது, நான் பேசவில்லை. பேச்சு வரும்போல இருந்தால் எழுந்து நின்றுகொள்வேன். பந்தை அமுக்குகிறவர்கள் மறுபடி அதிகமானார்கள். அமுக்கட்டும் என்று விட்டேன்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஒரு தையல்காரம்மா வந்தார். மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. குளிர்காலத்தில் ஒருமுறை எடுத்தது, இப்போது மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பலகையில் படுத்ததும், நான் என் பாட்டை ஆரம்பிப்பதற்குள் கேட்டார்.

"போன தடவ பேசினாங்களே, அவங்க இன்னிக்கு இல்லையா?"

முகம் சூடாகிவிட்டது. "அது மைக் கோளாறும்மா. சரி பண்ணியாச்சு," என்றேன்.

"அப்படியா? அவங்களப் பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பாவம், நடுவுல நடுவுல 'கேக்குதா? உனக்குக் கேக்குதா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அழற மாதிரி வேற இருந்துச்சு. நீங்க அசையக் கூடாது, பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களா, படம் கெட்டுடுமேன்னு நான் வாயே தெறக்கல. வீட்டுக்குப் போயும் எனக்கு மனசே சரியில்ல. யாருமே கேக்கலன்னு நினைச்சிருப்பாங்க இல்ல? எல்லாமே கேட்டுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. நிதானமும் சொல்லவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவை இதே பலகையில் படுக்கவைத்து, அசையாதே, பேசாதே என்று சொல்லி உள்ளே அனுப்பியதும் நான்தான்.

"சொல்லிடறேம்மா," என்றேன்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ட்ரோல் அறைக்கு வந்து பாட்டைப் போட்டேன். மைக்கை இழுத்து, பேச்சு சுவிட்சை என் விரலாலேயே அழுத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. பாட்டு முடிகிறவரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பாதங்கள் அசையவில்லை.