பாறைக்கு அந்தப் பக்கம்

மலையைக் குடைந்து சாலை போட அரசாங்கத்திடம் போதிய பணம் இல்லை. ஒரு தனியார் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. கிழக்குப் பாதியைக் கம்பெனி குடையும், மேற்குப் பாதியை அரசின் சாலைத் துறை குடையும். திறந்த பிறகு முப்பது ஆண்டுச் சுங்கம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம் ஆனது.

அதில் ஒரு குடும்பமும் இரண்டானது. கணவன் சாலைத் துறைப் பொறியாளன். மேற்கு வாயிலில் தகரக் கொட்டகையில் இருந்தான். மனைவி கம்பெனியின் சர்வேயர்; எந்தக் கோட்டில் குடைய வேண்டும் என்று அளந்து சொல்பவள். மகளோடு கிழக்கு முகாமில் இருந்தாள். மலையைச் சுற்றிப் போய்வர ஒரு பகல் போதாது. அரசாங்கமும் தனியாரும் கைகோத்தால் ஃபோனில்தான் குடித்தனம் என்று தொழிலாளர்கள் கிண்டலடித்தார்கள்.

பாதி வேலையில் மேற்குப் பக்கம் ஊற்று உடைத்துக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை; இயந்திரங்கள்தான் முழங்கால் நீரில் நின்றுபோயின. பெரிய பம்புகளுக்கு மேலிடத்து அனுமதி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. கம்பெனியோ தன் பாதியை முடித்து, எல்லைக்கோட்டில் கைகட்டி நின்றது.

கோட்டைத் தாண்டி நாமே குடையலாம் என்று மனைவி தன் கம்பெனி மேலாளரிடம் சொன்னாள். ஒப்பந்தத்தில் இல்லாததை எதற்குச் செய்ய வேண்டும் என்றார் அவர்.

"பாதி மலையக் குடைஞ்சு வச்சுக்கிட்டு யார்கிட்ட சார் சுங்கம் வாங்குறது?"

மேலாளர் தலைநகருக்குப் போய்ப் பேசினார். துறையும் ஒப்புக்கொண்டது. வேலை மறுபடி தொடங்கியது.

மேற்கே கணவன் இருக்கிற பம்பை வைத்துத் தண்ணீரை வடித்தபடி காத்திருந்தான். ஒருநாள் காலையில் பாறையில் கை வைத்தவனுக்கு உள்ளங்கை அதிர்ந்தது. காதை ஒட்டிவைத்தான். எங்கோ ஆழத்தில், மலைக்கே நாடி துடிப்பதுபோல ஒரு சத்தம். பம்புக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் காதை வைத்தார். கணவன் உடனே மனைவியை ஃபோனில் அழைத்தான்.

"சத்தம் இடது பக்கமா கேக்குது. கோடு விலகிடுச்சா?"

"பாறைக்குள்ள சத்தம் நேரா வராதுங்க. என் கணக்கு சரிதான்."

அடித்துச் சொல்லிவிட்டாளே தவிர, ஃபோனை வைத்ததும் கிழக்கு வாயிலிலிருந்து கடைசிப் பாறைவரை மறுபடி அளந்தாள். அதே விடைதான் வந்தது. என்றாலும் மலை என்ன சொல்லுமோ என்றிருந்தது.

கடைசி நாள் வெடி வைக்கவில்லை. துளைக்கம்பி மட்டும் ஓடியது. மேற்கே பாறையில், அவள் கணக்குப்படி கம்பி வரவேண்டிய இடத்தில், சிவப்பு வட்டம் வரைந்துவிட்டு எல்லோரும் நின்றார்கள். வட்டத்துக்கு ஒரு சாண் கீழே துகள் உதிர்ந்தது. கம்பியின் முனை சுழன்றுகொண்டே வெளியே வந்து, பின்வாங்கியது.

அந்தத் துளை வழியே காற்று வந்தது.

மலை தோன்றிய நாள்முதல் ஒரு காற்றும் நடக்காத வழியில் வந்த காற்று. யாரும் கைதட்டவில்லை. பம்புக்காரர் தூங்கும் குழந்தையின் மூச்சைப் பார்ப்பதுபோல் துளைமுன் விரலை நீட்டினார். கணவன் துளைக்கு முன் குனிந்தான்.

"அங்க யாரு, நீங்களா?" என்று பாறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"நான்தான்" என்றான்.

ஆள் நுழையும் அளவுக்குத் துளை பெரிதானதும் அவள் குனிந்து வந்தாள். இருவரும் தண்ணீரில் நடந்து மேற்கு வாயிலைத் தாண்டினார்கள். வெளியே வந்ததும் அவள் திரும்பி அண்ணாந்தாள். உச்சி மேகத்துக்குள் இருந்தது.

"இதுக்குள்ளயா வந்தேன்?" என்றாள் மெதுவாக.

அவனும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.