பன்னிரண்டாவது அரளி

நினைவு நாணயத்தில் எந்தப் பூ போடுவது என்று குழுவில் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரோஜாவாம், அல்லியாம்! சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த அன்று கேட் ஓரம் நின்றது அரளிச் செடி ஒன்றுதான். உள்ளே சிக்கியவர்கள் பன்னிரண்டு பேர். ஓர் உடல் மேலே வரும்போதெல்லாம் காத்திருந்த பெண்கள் வாசலில் ஒரு விரிந்த பூவை வைத்தார்கள், வராதவர்களுக்கு மொட்டு. ஒன்பதாம் நாள் தேடுவதை நிறுத்தியபோது பதினோரு பூ, ஒரு மொட்டு. அந்த மொட்டு என் மாமா, அக்காவின் கணவர். இருபது வருடமாகச் சங்கக் கொடியிலும் நினைவுக் கல்லிலும் அப்படியேதான் இருக்கிறது. கடைசியில் நாணயத்துக்கும் அந்த அரளிதான் என்று முடிவானது.

நாணயச்சாலையில் அச்சு செதுக்குவது என் பிழைப்பு. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மொட்டு மொட்டாவே இருக்கட்டும்டா."

"செதுக்கப்போறதே நான்தானே, கவலைய விடு" என்று பெரிதாகப் பீற்றிக்கொண்டேன்.

செதுக்கி முடித்த அச்சை மேலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் ஏன் மூடியிருக்கு? ஏதோ குறை மாதிரி தெரியுது. விரிச்சு விட்டுடுங்க."

"சார், அது கிடைக்காமப் போனவரோடது. எங்க மாமா."

"அப்போ நல்லதுதானே! அவரையும் சேர்த்துட்டோம்னு வீட்ல சந்தோஷப்படுவாங்க."

கெஞ்சினேன், கத்தினேன். மனுஷன் நல்ல மனசோடு சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் மாட்டேன் என்றால் பக்கத்து மேசைக்காரன் செய்வான். அவனுக்கு அரளிக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. உளியை நானே எடுத்தேன்.

அச்சில் குழியாக இருப்பதுதான் நாணயத்தில் மேடாக எழும். அச்சில் தோண்டத்தான் முடியும், தூர்க்க முடியாது. மொட்டைப் பூவாக்கலாம்; பூவைத் திரும்ப மொட்டாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஐந்து இதழ், பத்து நிமிஷ வேலை.

அடித்து வந்த நாணயத்தை அக்காவிடம் கொடுத்தேன். விரல் நுனியால் தடவித் தடவி எண்ணினாள். பன்னிரண்டில் விரல் நின்றது.

"யாருடா விரிச்சது?"

"நான்தான்கா. மேல சொல்லிட்டாங்க, என்னால ஒண்ணும்..."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவரு செத்துட்டாருன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என் முகத்துக்கு நேரா சொன்னதில்லடா" என்றாள். "நீ சொல்லிட்ட."