வேலூரில் பி.ஏ.

“ஹாஸ்டல்லயா கீறாரு?”

“ஆங், அங்கியேதாங்க. சாப்பாடு, துணிமணி எல்லாம் அவங்களே குடுத்துடறாங்க.”

“லீவுக்குக்கூட வர்றதில்லியா?”

“ரொம்ப கண்டிப்புங்க. வெளியவே வுட மாட்டாங்க.”

பெண் பார்க்க வந்தவர்களிடம் தாயாரம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவள் மகன் கங்காதரன் வேலூரில்தான் இருந்தான். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. இருக்கும் இடம் ஜெயில் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஆடிக் கிருத்திகையன்று, கோயில் மலையடிவாரத்தில் கடை போடும் இடத்துக்கான சண்டையில், தேங்காய் வெட்டும் கத்தியால் ஓர் ஆளைக் கொன்றுவிட்டான். ஏழு வருஷத் தண்டனை. தெருவுக்கே தெரியும். கல்யாணக் காரியத்தைக் கெடுப்பது பாவம் என்று தெரு வாயை மூடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, பொதட்டூர்பேட்டை ராஜமாணிக்கத்துக்குச் சொந்தமாக எட்டு பவர்லூம். “பொண்ணு?” என்றார்.

“பிளஸ் டூவோட நிறுத்திட்டேங்க” என்றார் தாயாரம்மாளின் கணவர் தேசப்பன்.

“நல்ல காரியம் பண்ணீங்கோ. எங்க பையனும் பிளஸ் டூதான். பொண்ணு ஒரு கிளாஸ் மேல போயிருந்தா நாங்க பஸ்சே ஏறியிருக்க மாட்டோம்.”

காபி டம்ளர்களை எடுக்க வந்த கோமளவல்லி குனிந்த தலையோடு அதைக் கேட்டுக்கொண்டாள். அண்ணனுக்கு வரும் பாடங்களைச் சுருக்கி எழுதி அனுப்புகிறவள் அவள்தான். முதலாண்டுப் பாடம் அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தனக்கும் ஒரு விண்ணப்பப் பாரம் வரவழைத்து வைத்திருந்தாள். அண்ணனுடைய பாரத்தில் ஜெயில் சூப்பரின்டெண்டன்ட் கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டார். அவள் பாரத்தில் பெற்றோர் கையொப்பத்துக்கான இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது.

“கங்காதரன் சமாச்சாரத்தத் தெருவு மறைக்கும். நீ பி.ஏ. படிக்கறத யாருடி மறைப்பா?” என்று கேட்டிருந்தார் தேசப்பன். அவர் விளையாட்டாகப் பேசுகிற மனிதர் அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வேலூர் போனார்கள். கம்பி வலைக்கு அப்பால் கங்காதரன் சிரித்தபடி நின்றான்.

“அறுவத்திரண்டு மார்க்கு, நைனா. சூப்பரின்டெண்டன்ட் ஐயாவே கூப்ட்டு கை குடுத்தாரு. படிக்கறதுக்குத் தனியா லைட்டு போட்டுக் குடுத்துக்கீறாரு.”

“பாத்தியாடி உங்கண்ணன!” தேசப்பன் மகள் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “பொதட்டூர்பேட்டை எடம். தையில முகூர்த்தம். எனக்குப் புடிச்சிப் போச்சு. நீ சரின்னாதான் தட்டு மாத்துவேன். வூட்டுக்கு மூத்த புள்ள நீதானே?”

கோமளவல்லியை இதுவரை யாரும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

“யோசிச்சி சொல்றேன் நைனா.”

கொண்டுவந்த பழத்தைச் சோதனைக்குக் காட்டிவிட்டு வரத் தேசப்பன் வார்டரிடம் போனார். கோமளவல்லி வலையருகே நெருங்கினாள்.

“உன் நோட்ஸ் இல்லன்னா நான் பெயிலுதான், கோமளா.”

“அத வுடுண்ணா. என் பாரத்த அனுப்ப வெள்ளிக்கெழம கடைசி நாளு. நான் சொன்னா நைனா காதுல ஏற மாட்டேங்குது. நீ சொன்னா ஏறும். ‘கோமளா பாரத்துல கையெழுத்துப் போட்டாத்தான் இந்த எடத்துக்கு நான் சம்மதம் சொல்வேன்’னு அவருகிட்ட சொல்றியாண்ணா?”